சாம்பல் எழுத்துகள்

கிட்ட வந்து உட்காருங்கள், என் தங்கங்களே. வாசல் பக்கம் இருப்பவர்களும் உள்ளே நகர்ந்து வாருங்கள், அங்கே சாரல் அடிக்கும். இன்று ஒரு கதை சொல்லப்போகிறேன். இதில் பேய் கிடையாது, பிசாசு கிடையாது. ஆனாலும் பயப்படாமல் கேட்டு முடித்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை. பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், யாரும் சிரிக்கமாட்டார்கள்.

அவள் பெயர் தையல்நாயகி. சீர்காழிப் பக்கத்துப் பெண். நாற்பதைத் தொடும் வயது. கணினிக்கு நிரல் எழுதுவது அவள் பிழைப்பு. கடல் வருஷத்துக்கு வருஷம் மேலேறி வந்ததால், கரையோர ஊர்களைக் காப்பதற்காக ஆறு கடலில் சேரும் இடங்களிலெல்லாம் இரும்பு ஷட்டர்களை நிறுத்திவிட்ட காலம் அது. வெண்ணலாற்றின் வாயில் பன்னிரண்டு ஷட்டர்கள். ஒவ்வொன்றும் மூன்று மாடி உயரம். அவற்றோடு தண்ணீரை இறைத்துத் தள்ளும் ராட்சத பம்ப்புகள், ஊரை எழுப்பும் சங்கு. இத்தனையையும் ஒரே அறையில் உட்கார்ந்து, கறுப்புத் திரையில் கட்டளையை எழுத்தாக அடித்துத்தான் இயக்குவார்கள்.

தொட்டால் திறக்கிற பளபளப்புத் திரை கிடையாதா என்று கேட்பீர்கள். இருந்தது. முதல் புயலிலேயே ஈரக்கை பட்டும் படாமலும் தானே திறந்து தானே மூடிக் கூத்தடித்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, முழு வார்த்தையாக அடித்தால்தான் ஷட்டர் அசையும் என்று மாற்றிவிட்டார்கள்.

அதிலும் ஒரு தொல்லை. ஷட்டருக்கு ஒரு நிரல், பம்ப்புக்கு ஒன்று, சங்குக்கு ஒன்று என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு கான்ட்ராக்டர் எழுதிக் கொடுத்தது. எதிலும் பிழை திருத்த வழியில்லை. ஒரு எழுத்து தப்பிவிட்டால், இடப்பக்க அம்பை அழுத்தித் திரும்பிப் போகலாம் என்று பார்த்தால், கர்சர் நகராது. தொப்பி மாதிரி ஒரு குறியும் அடைப்புக்குறியுமாக ஏதோ கிறுக்கல்தான் திரையில் விழும். வரி முழுவதையும் முதலிலிருந்து அடிக்க வேண்டும். கடல் ஏறிக்கொண்டிருக்கும்போது.

தையல்நாயகி அந்த நிலையத்துக்கு முதன்முதலாக வந்த அன்று, ஷிப்ட் ஆபரேட்டர் இன்னாசிமுத்து அவளைப் பிடித்துக்கொண்டார்.

"எந்தப் புண்ணியவான் மேடம் இத செஞ்சது? ஒரு எழுத்த திருத்த வழி வெக்கலியே. எங்க சாபமெல்லாம் எங்கதான் போய் விழும்?"

"வழி இருக்குண்ணே. அதுக்குன்னே நூலகம் இருக்கு."

"லைப்ரரியா? பஸ் ஸ்டாண்டு பின்னால இருக்கே, அதா?"

அவள் சிரித்துவிட்டாள். "அது இல்லண்ணே. ஒருத்தர் எழுதி வெச்ச வேலய இன்னொருத்தர் தன் நிரல்ல ஒட்டிக்கறது. எங்க பாஷையில அதுக்குப் பேரு நூலகம். வரியத் திருத்தறது, முன்ன அடிச்சத மேல் அம்பால வரவழைக்கறது, பாதி அடிச்சா மீதிய அது நிரப்பறது, எல்லாம் உண்டு. ஆனா அத ஒட்டறதுக்கு இருநூறு வரி எழுதணும். அதுக்கும் மேல ஆயிரம் கேள்வி கேக்கும். எத்தன நாள் ஞாபகம் வெக்கட்டும், எங்க எழுதி வெக்கட்டும், யார் அடிச்சத யாருக்குக் காட்டட்டும்னு. கான்ட்ராக்டருக்கு என்ன தலையெழுத்தா? விட்டுட்டாங்க."

"நீங்க அந்தக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிட்டு ஒட்டிக் குடுங்களேன். உங்களுக்குக் கோயில் கட்டறோம்."

அந்தப் பேச்சிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. மூன்று மாதம் உட்கார்ந்து அவள் ஒரு உறை எழுதினாள். பழைய நூலகத்தை உள்ளே வைத்து மூடி, வெளியே ஒரே ஒரு கைப்பிடியை மட்டும் விட்டது போல. எந்தப் பழைய நிரலிலும் ஒரே வரியைச் சேர்த்தால் போதும். அது எந்தக் கேள்வியும் கேட்காது, ஏனென்றால் எல்லாக் கேள்விக்கும் தையல்நாயகியே முன்கூட்டிப் பதில் சொல்லி வைத்துவிட்டாள். யார் அடித்ததை யாருக்குக் காட்டுவது? எல்லோருடையதையும் எல்லோருக்கும். எத்தனை நாள் ஞாபகம்? என்றைக்கும். எந்த நிரலில் அடித்தது எந்த நிரலுக்கு? எல்லாம் ஒரே நோட்டில். அதற்கு 'ஊன்றுகோல்' என்று பெயர் வைத்தாள்.

பெயருக்கேற்ற மாதிரியே எல்லோரும் அதன்மேல் சாய்ந்துகொண்டார்கள். முதல் எழுத்தை அடிக்கும்முன்பே, கடல் மட்டம் என்ன, காற்று என்ன, இதே நிலையில் முன்பு என்ன அடித்தார்கள் என்று பார்த்து, முழுக் கட்டளையையும் சாம்பல் நிறத்தில் மங்கலாக எழுதிக் காட்டும். சரியென்றால் என்டர். அவ்வளவுதான். ஆறே மாதத்தில் ஆபரேட்டர்கள் அடிப்பதை மறந்தார்கள். கட்டளைகளைப் பெரிதாக எழுதி ஒட்டியிருந்த சுவரைச் சுண்ணாம்பு அடித்து வெளுத்துவிட்டார்கள். கையேட்டைக் கரையான் தின்றது, யாரும் தேடவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு ஐப்பசிப் புயலில், பட்டப்பகலில், ஒன்பதாம் ஷட்டர் முழுவதும் திறந்தது. அதற்கு நேர் பின்னால் இருந்தது கொக்குத்திட்டு என்ற மீனவக் குப்பம். ஏழு பேர் செத்தார்கள். அதில் ஒருத்தி பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த பெண்.

அன்று அந்த நாற்காலியில் இருந்தவர் அமிர்தகடேசன் என்ற ஆபரேட்டர். "நான் அடிக்கல, வந்தத அழுத்தினேன்" என்றார் அவர். பக்கத்து நாற்காலியில் இருந்த இன்னாசிமுத்து, "அவர் விரல் அசைஞ்சத பாத்தேன்" என்று சாட்சி சொன்னார். மனிதத் தவறு என்று விசாரணை அறிக்கை வந்தது. அமிர்தகடேசன் பதினான்கு மாதம் சிறையில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். வழக்கு நான்காவது வருஷமாக இன்னும் நடந்துகொண்டிருந்தது.

தையல்நாயகி அந்த அறிக்கையை ஒரு முறை வாசித்தாள். மனிதத் தவறு என்ற சொல்லைக் கண்டதும் அவள் நெஞ்சில் ஒரு நிம்மதி இறங்கியது. தங்கங்களே, அந்த நிம்மதிக்காக அவளை ஏசாதீர்கள். அவள் இடத்தில் இருந்தால் நமக்கும் இறங்கியிருக்கும்.

அறிக்கையின் கடைசியில் ஒரு பரிந்துரை இருந்தது. தவறு மனித விரலால் நேர்ந்தபடியால், விரலின் தேவையைக் குறைக்க வேண்டும். செயற்பொறியாளர் மதிவதனன் அதை அவளுக்கு விளக்கிச் சொன்னார்.

"என்டர் எதுக்கும்மா? சாம்பல் வரி வந்து பத்து விநாடி நிக்கட்டும். யாரும் தடுக்கலன்னா தானா போயிடணும். தடுக்கறதுக்கு ஏதாவது ஒரு சாவிய தட்டினா போதும்னு வெச்சுடு. சுலபமா இருக்கணும்."

சுலபமாக. அந்தச் சொல்லுக்கு அவள் என்றைக்குமே மறுத்துப் பேசியதில்லை.

புதுப் பதிப்பை ஏற்ற அவள் நிலையத்துக்கு வந்தது ஒரு கார்த்திகைக் காலை. புயல் ஆந்திரா பக்கம் போகிறது என்று சொல்லியிருந்தார்கள். இன்னாசிமுத்துவின் மீசை நரைத்திருந்தது. பேச்சு மட்டும் அப்படியே இருந்தது. முதல் சாம்பல் வரி, ஒரு பம்ப்பை ஓட்டும் வரி, பத்திலிருந்து எண்ணி ஒன்றுக்கு வந்து தானாகச் சாம்பலிலிருந்து வெள்ளையாகி ஓடியபோது அவர் கைதட்டினார்.

"இனிமே விரலையும் வீட்லயே வெச்சுட்டு வரலாம் போலருக்கே. அப்புறம் எங்களயும்."

"உங்கள எப்படிண்ணே விடறது? டீ யாரு வாங்கியாறது?"

"அது சரி. டீக்கு மட்டும் இன்னும் நூலகம் வரல."

பத்தரை மணிக்குக் காற்று திசை மாறியது. பதினொன்றுக்குத் தொலைபேசி அலறியது. புயல் வளைந்துவிட்டது, வெண்ணலாற்று வாய்க்கே வருகிறது. கொக்குத்திட்டில் அறுபத்திரண்டு வீடுகள். யாரையும் அப்புறப்படுத்தவில்லை. சங்கு ஊதியது. ஜன்னலுக்கு வெளியே கடல், அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி, சத்தமில்லாமல் ஏறியது. அளவுக்கோட்டில் கடல் மட்டம் நான்கு மீட்டரைத் தொட்டது.

திரையில் சாம்பல் எழுத்துகள் எழுந்தன.

ஷட்டர் 9 முழுத்திற.

பக்கத்தில் எண்: 10.

தையல்நாயகி அதைப் பார்த்தாள். படித்தாள். மூளைக்குப் போய்ச் சேர மூன்று விநாடி ஆனது. 7. இன்னாசிமுத்துவின் கையிலிருந்த டீ தம்ளர் கவிழ்ந்தது.

"இதே வரி மேடம்" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது. "அன்னிக்கும் இதே வரிதான்."

4. அவள் பாய்ந்து இடைவெளிச் சாவியைத் தட்டினாள். சாம்பல் மறைந்தது. உயிர் வந்தது. அடுத்த கணம் அதே வரி மறுபடி எழுந்து நின்றது. 10.

"நிறுத்துங்க மேடம் அத! நீங்கதானே எழுதினீங்க, நிறுத்துங்க!"

"நிறுத்தணும்னா நிரலயே அணைச்சு ஏத்தணும். இருபது நிமிஷம். அதுவரைக்கும் ஒரு ஷட்டரும் ஒரு பம்ப்பும் நம்ம பேச்சு கேக்காது. தண்ணி டவுனுக்குள்ள போயிடும்."

"ஒம்பதாவதுக்கு ஆள அனுப்பி மோட்டார் ஒயர புடுங்கச் சொன்னா?"

"நாலு கிலோமீட்டர்ணே. இந்தக் காத்துல எவன் போவான்?"

தட்டினாள். 10. தட்டினாள். 10. ஒரு ஈயை விரட்டுவது போல அவள் விரல் தட்டிக்கொண்டே இருந்தது. போகிற ஈயாக இருந்தால் பயமில்லையே. இது பொறுமையாக, கோபமில்லாமல், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. உதவி செய்ய வந்தது போல.

"சரியான கட்டளய அடிங்கண்ணே. அத அடிச்சிட்டா இது போயிடும். என்ன அடிக்கணும் இப்போ?"

இன்னாசிமுத்து கீபோர்டின்மேல் கையை வைத்தார். கை நின்றது. ஆறு வருஷமாக அந்தக் கை ஒரு ஷட்டர் கட்டளையைக்கூட முழுதாக அடித்ததில்லை. 'ஷட்டர் 9 மூடு' என்று அடித்துப் பார்த்தார். ஏற்கெனவே மூடியிருக்கிறது என்றது திரை, வரி காலியானது, சாம்பல் எழுந்தது. 10. 'ஷட்டர் 9 நிறுத்து.' புரியவில்லை என்றது. 10.

"ஒரு வார்த்த இருந்துச்சு மேடம். ஒம்பதாவத அப்படியே கட்டிப் போட்டுடற வார்த்த. செவுத்துல மூணாவது வரியில எழுதியிருக்கும்." அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். வெள்ளைச் சுவர்.

"வேற யாருக்குத் தெரியும்?"

அவள் தட்டினாள். 10. தட்டினாள். 10.

"அண்ணே! யாருக்குத் தெரியும்?"

"கடேசனுக்கு."

அமிர்தகடேசன் அப்போது துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிற வேலையில் இருந்தார். அவளுடைய கைப்பேசியிலிருந்துதான் இன்னாசிமுத்து எண்ணை அழுத்தினார். அந்த எண் அவருக்குப் பார்க்காமலே தெரிந்திருந்தது. ஸ்பீக்கரில் போட்டார். மழை இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல்.

"யாரு?"

"கடேசா, நான் இன்னாசி."

"வெச்சுடு இன்னாசி" என்றார் கடேசன். குரலில் கோபம் இல்லை. "சாட்சிங்ககிட்ட ஒரு வார்த்த பேசினேன்னு தெரிஞ்சா ஜாமீன் போயிடும். மறுபடி உள்ள போவ எனக்குத் தெம்பு இல்ல. புள்ளைக்கு இப்பதான் என் மூஞ்சி பழகியிருக்கு."

"கடேசா, அதே வரி வந்து நிக்குது. நாலு மீட்டர். ஒம்பதாவது."

மழை. தையல்நாயகி தட்டினாள். அவள் விரல்நுனி மரத்துப் போயிருந்தது. அவர் வைத்துவிட்டார் என்றே நினைத்தாள். வைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது என்றும் நினைத்தாள்.

"திட்டுல ஆளுங்க இருக்காங்களா?" என்றது குரல்.

"அறுவத்திரெண்டு வீடு."

"யாரு அடிக்கறது?"

"நான்" என்றாள் தையல்நாயகி. "நான் அடிக்கிறேன், சொல்லுங்க."

"மொதல்ல ஒம்பதாவது. ஷட்டர் அடிங்க."

அவள் 'ஷ' என்று தொட்டதுமே மீதியை எல்லாம் சாம்பலில் நிரப்பிக்கொண்டு வந்து நின்றது அது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக அதன் மேலேயே அடித்தாள். ஷட்டர். இடைவெளி. 9. இடைவெளி. 'முழுத்திற' என்று மீதி மட்டும் சாம்பலில் மினுங்கியது. 10.

"அடிச்சாச்சு. அடுத்து?"

கொரகொரவென்று ஒரு சத்தம். பிறகு ஒன்றும் இல்லை.

"ஹலோ? ஹலோ!" இன்னாசிமுத்து கைப்பேசியை ஜன்னல் பக்கம் கொண்டு ஓடினார். 7. 6. அவள் அழித்துவிடலாம். அழித்தால் மறுபடி முதலிலிருந்து. அதற்குள் தண்ணீர் இன்னும் ஒரு விரல் ஏறிவிடும். 5. "கடேசா! சொல்லு கடேசா!" 4.

"...ட்டு. பூட்டு. பூட்டுன்னு அடிங்க" என்றது குரல், துண்டு துண்டாக.

3. 'பூ' என்று விழுந்ததும் சாம்பல் பட்டென்று அணைந்தது. அந்த வார்த்தை ஊன்றுகோலுக்குத் தெரியாது. அது பிறந்த நாளிலிருந்து யாரும் அதை அடித்துக் காட்டியதில்லை. பூட்டு. என்டர்.

'ஷட்டர் 9 பூட்டப்பட்டது.'

"இப்ப ஷட்டர் நாலு கால்திற. அப்புறம் பம்ப் அனைத்தும் வடக்கு. தண்ணி உப்பளத்துக்குப் போவும். போவட்டும்."

அடித்தாள். எங்கோ தூரத்தில் பம்ப்புகள் உறுமித் திரும்பும் அதிர்வு தரையில் தெரிந்தது. அளவுக்கோடு நான்கில் நின்றது. சற்று யோசித்தது. பிறகு மயிரிழை அளவு இறங்கியது.

"கொஞ்சமும் தடுமாறாம சொல்றீங்களே" என்றாள் அவள்.

"நாலு வருஷமா தெனம் படுக்கப் போறப்போ இந்த மூணு வரியையும் மனசுக்குள்ள அடிச்சுட்டுத்தாம்மா படுக்கறேன். அன்னிக்கு அடிச்சிருக்க வேண்டியது." பிறகு, "இந்த போன் வந்த கணக்க அழிச்சுடுங்க. நான் பேசல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஒரு மணி வாக்கில் காற்று அடங்கியது. மதிவதனன் தொலைபேசியில் வந்தார். குரலில் சந்தோஷம் வழிந்தது.

"திட்டும் தப்பிச்சுது, டவுனும் தப்பிச்சுது. பத்து விநாடி நல்லா வேல செஞ்சுதா?"

"செஞ்சுது சார்" என்றாள் அவள்.

பிறகு அவள் அந்த நோட்டைத் திறந்தாள். ஊன்றுகோல் ஒவ்வொரு வரியோடும், அது எந்த நிரலில் அடிக்கப்பட்டது என்று குறித்து வைக்கும். குறித்து வைக்கத்தான் அவள் எழுதியிருந்தாள். அதைப் பார்த்துப் பிரிக்க எழுதவில்லை. 'ஷட்டர் 9 முழுத்திற' என்று தேடினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரே சொல்: பயிற்சி. பயிற்சி. பயிற்சி.

"அண்ணே. பயிற்சின்னா என்ன?"

இன்னாசிமுத்து கவிழ்ந்த டீயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"மாசா மாசம் எங்க எல்லாருக்கும் பரீட்ச வெப்பாங்க மேடம். பொய்ப் புயல். இதே திரைதான், ஷட்டர் மட்டும் அசையாது. நாலு மீட்டர் தண்ணி வந்தா என்ன பண்ணுவேன்னு கேள்வி. உப்பளத்துப் பக்கம் தள்ளினா பத்து மார்க் கொறைப்பான். உப்பளம் கம்பெனியோடது. ஒம்பதாவத தொறந்தா முழு மார்க்."

"கொக்குத்திட்டு?"

"அந்தப் பரீட்ச போட்டப்போ அவங்க அங்க குடி வரல. பழைய ஊர கடல் கொண்டுபோன பின்னாலதான் வந்தாங்க. பரீட்ச படத்துல அது ஆளில்லாத வெறும் பச்ச. யாரும் மாத்தி வரையல." துணியைப் பிழிந்தார். "நாங்க எல்லாரும் அதத்தான் அடிச்சோம். நானே நூறு தடவ அடிச்சிருப்பேன். முழு மார்க் மேடம் எனக்கு."

எல்லாம் ஒரே நோட்டில். எந்தக் கேள்வியும் கேட்காமல். பயிற்சி நிரலுக்கு ஒரு நோட்டு, நிஜ நிரலுக்கு ஒரு நோட்டு என்று வைத்திருந்தால், சேர்க்கும்போது ஒரே ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டிருக்கும். அந்த ஒரு கேள்வியைத் தொல்லை என்று அவள் எடுத்துவிட்டாள். பிரசவத்துக்கு வந்த பெண் அந்தக் கேள்விக்குள் இருந்தாள்.

இந்த முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகளும் கோர்ட்டுக்குப் போனால் கடேசன் வெளியே. அவள் உள்ளே. அவள் வீடு கண்முன் வந்தது. படுத்த படுக்கையாய் இருக்கும் அப்பா வந்தார். பக்கத்தில் இன்னாசிமுத்து இருக்கிறார் என்பதே மறந்துபோனது. அவள் விரல்கள் தாமாகவே நகர்ந்தன, தங்கங்களே. 'அழி' என்று அடித்தாள். அவ்வளவுதான் அடித்தாள்.

மீதியைச் சாம்பல் எழுத்துகள் நிரப்பின.

அழி பயிற்சி வரலாறு முழுவதும்.

10.

அவள் அசையாமல் பார்த்தாள். ஊன்றுகோல் எதையும் தானாக இட்டுக்கட்டாது. அதை எழுதிய அவளுக்குத் தெரியாதா? முன்பு யாரோ இந்த நாற்காலியில் உட்கார்ந்து அடித்ததைத்தான் அது எடுத்து நீட்டும். இதே பயத்தோடு யாரோ இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.

"அது நான்தான் மேடம்" என்றார் இன்னாசிமுத்து.

9.

"வெள்ளத்துக்கு மறுநாள். நாங்க அடிச்ச பரீட்ச வரிதான் அவன் முன்னால வந்து நின்னுச்சுன்னு எனக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு. தெரிஞ்சா எல்லாரையும் புடிப்பாங்கன்னு அழிச்சேன். கோர்ட்ல அவன் விரல் அசைஞ்சத பாத்தேன்னு சொன்னேன். அசைஞ்சது என்டர் அழுத்தின ஒத்த விரல்தான்னு சொல்லல."

7.

"நீங்க அழிச்சது திரையிலதான்ணே" என்றாள் அவள். தன் குரலே அவளுக்கு அந்நியமாய் இருந்தது. "எதுவும் தொலையக் கூடாதுன்னு பழைய பதிப்புல ஒரு நகல் வெச்சிருந்தேன்."

"இப்ப?"

"புதுப் பதிப்புல நகல் இல்ல. இந்த வரி போச்சுன்னா எல்லாம் போச்சு. அதயும் நான்தான் சுலபமாக்கினேன்."

5.

இருவர் கையும் கீபோர்டிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தன. யாரும் எதையும் செய்ய வேண்டியதில்லை. அதுதான் அந்த இயந்திரத்தின் பெரிய கருணை. பாவத்தைக்கூட நீங்கள் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும். வெளியே திட்டுப் பக்கமிருந்து யாரோ ஒரு பெண் ஆட்டுக்குட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் காற்றில் வந்தது.

4.

3.

"முழு மார்க்" என்றார் இன்னாசிமுத்து, யாரிடமோ.

2.

அவருடைய விரல் விழுந்தது. இடைவெளிச் சாவியின் மேல். அவர் விரல் விழுந்த அதே கணம் அவளுடையதும் அதன்மேல் விழுந்தது. யாருடையது முந்தியது என்று பின்னாளில் கோர்ட்டில் கேட்டபோது இருவருமே தெரியாது என்றுதான் சொன்னார்கள்.

சாம்பல் போனது. அது திரும்பி வருவதற்குள் அவர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அச்செடுக்கறதுக்கு என்ன வார்த்த மேடம்?"

"அச்சிடு. பயிற்சி வரலாறு முழுவதும்."

ஒரு விரலால், மெதுவாக, ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடி அவர் அடிக்கத் தொடங்கினார். முதல் எழுத்தை அடித்ததுமே சாம்பல் வரி 'அழி' பக்கம் இழுத்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. கீபோர்டையே பார்த்தார்.

கதை முடிந்தது, என் தங்கங்களே. போய்வாருங்கள். உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமல் எரியட்டும். உங்கள் வாசல் வரை வரும் தண்ணீர் காலை மட்டும் நனைத்துவிட்டுத் திரும்பிப் போகட்டும். உங்கள் பிள்ளைகள் கேள்வி கேட்கும்போது அலுத்துக்கொள்ளாத வாய் உங்களுக்கு அமையட்டும். யாருடைய கை தவறினாலும், பக்கத்தில் இன்னொரு கை விழித்திருக்கிற வீடாக உங்கள் வீடு தழைக்கட்டும்.